காது கூசும், தோல் கூசும்: அன்றாட ஓசைகளோடும் தொடு உணர்வுகளோடும் வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

புளித்த மாங்காயைக் கடித்துவிட்டுப் பல் கூசுகிறது என்று ஒருவர் சொன்னால் யாரும் அவரைச் சந்தேகிப்பதில்லை. உச்சி வெயிலில் கண் கூசுகிறது என்றால் நிழலுக்கு வரச் சொல்கிறார்கள். ஆனால் மிக்ஸி ஓடும்போது காது கூசுகிறது என்றோ, சட்டைக் கழுத்தில் தைத்த லேபிள் உரசி முதுகெல்லாம் கூசுகிறது என்றோ சொன்னால் மட்டும் அது செல்லம், வீம்பு, நாசூக்கு என்றாகிவிடுகிறது. அந்தச் சொற்களைக் கேட்டே வளர்ந்தவள் நான். குக்கர் விசில் வருவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடிய சிறுமி, இன்று அதே வகைக் குக்கரில் தினமும் சமைக்கிறேன். இடையில் கற்றுக்கொண்டதை, இதே சிரமத்தில் இருப்பவர்களுக்கும் அவர்களோடு வாழ்பவர்களுக்கும் பயன்படும்படி வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானே சுவிட்சைத் தட்டி ஓடவிடும் மிக்ஸி என்னை அவ்வளவாக வதைப்பதில்லை. அடுத்த அறையில் நான் எதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது வேறொருவர் திடீரென ஓடவிடும் அதே மிக்ஸி உடம்பை உலுக்கிவிடுகிறது. ஓசையின் அளவு இரண்டு முறையும் ஒன்றுதான். எப்போது வரும் என்று முன்பே தெரிவதும், வேண்டாமென்றால் நிறுத்தவோ விலகவோ வழி இருப்பதும் சிரமத்தில் பெரும்பகுதியைக் குறைத்துவிடுகின்றன. கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் நம் கைக்குக் கொண்டுவருவதற்கானவை.

முதல் படி: உங்களுடையது எந்த வகை என்று பிரித்தறிதல்

ஓசையால் வரும் தொந்தரவுகள் எல்லாம் ஒன்றல்ல. வகை தெரியாமல் செய்யும் வைத்தியம் பலிக்காது. மற்றவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசையே உங்களுக்கு மிகப் பெரிதாகவும், சில நேரங்களில் வலியாகவும் இருந்தால் அது ஹைப்பராகுசிஸ். இதில் எந்த ஓசை என்பதைவிட எவ்வளவு சத்தம் என்பதே முக்கியம்: பாத்திரம் விழுந்தாலும், நாய் குரைத்தாலும், குழந்தை வீறிட்டாலும் வலிக்கும். மிசோபோனியா வேறு வகை. அதில் ஓசை மிகச் சிறியதாக இருக்கலாம். பக்கத்தில் இருப்பவர் அப்பளம் நொறுக்குவது, ரசத்தை உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது, பேனாவை அழுத்தி அழுத்தி விடுவது போன்றவை. எழுவது வலி அன்று, அடக்க முடியாத எரிச்சலும் கோபமும், எழுந்து ஓடிவிட வேண்டும் என்ற தவிப்பும். மூன்றாவது வகையினருக்கு எந்த ஓசையானாலும் அது திடீரென வந்தால் மட்டுமே தூக்கிவாரிப்போடும். ஒருவருக்கே இவற்றில் இரண்டு இருக்கலாம்.

மிசோபோனியா என்ற பெயரைப் பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப், மார்கரெட் ஜாஸ்ட்ரெபாஃப் ஆகிய இருவரும் 2001-இல் சூட்டினார்கள். வல்லுநர்கள் கூடி அதற்கு ஒரு பொது வரையறை வகுத்து வெளியிட்டது 2022-இல்தான். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமாரும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட மூளைப் படப் பதிவு ஆய்வில், இத்தகையோர் தம்மைத் தூண்டும் ஓசையைக் கேட்கும்போது மூளையின் முன் இன்சுலா என்ற பகுதி மிகையாக இயங்குவதும், கூடவே இதயத் துடிப்பு உயர்வதும் தெரியவந்தன. அதைப் படித்த அன்று எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா சாப்பிடும்போது எழுந்து போன ஒவ்வொரு முறையும் என்னை நானே மோசமான மகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோலுக்கும் இப்படியே. மேலோட்டமாக உரசும் தொடுகைக்குக் கூசுகிறவர்கள் பலருக்கு அழுத்தமான தொடுகை இதமாக இருக்கும். பின்னாலிருந்து யாராவது விரல் நுனியால் தோளைத் தொட்டால் பதறுகிறவர், உள்ளங்கையை அழுத்தி வைத்தால் பதறுவதில்லை. ஆட்டிசம் உள்ள அமெரிக்கக் கால்நடை அறிவியல் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின், ஊசி போடுவதற்காகப் பசுக்களை இரு பக்கமும் அணைத்து நிறுத்தும் சட்டத்தைத் தம் அத்தையின் பண்ணையில் கண்டு, தமக்கென்று அப்படியொரு அழுத்தும் கருவியை இளமையிலேயே செய்துகொண்டது இந்த வேறுபாட்டை நன்றாக உணர்த்தும்.

இந்தப் படியிலேயே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் உண்டு. கூச்சம் அண்மையில் திடீரெனத் தொடங்கியிருந்தாலோ, ஒரு காதில் மட்டும் இருந்தாலோ, காதில் இரைச்சல், தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவு ஆகியவை சேர்ந்திருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் தாமதமின்றிச் செல்லுங்கள். திடீரெனக் காது கேளாமல் போவது அவசரச் சிகிச்சைக்கு உரியது. நாள் கடத்தினால் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு குறையும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் ஓசை தாங்காது. அவர்கள் தலைவலிக்கு வைத்தியம் செய்துகொள்வதே வழி. புலன்களின் மிகையான அல்லது குறைவான எதிர்வினையை ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013 பதிப்பில் சேர்த்தது. அதனால் கூச்சமுள்ள எல்லோருக்கும் ஆட்டிசம் என்று பொருளில்லை.

இரண்டாம் படி: இரண்டு வாரக் குறிப்பேடு

ஒரு சிறிய நோட்டில், கூச்சம் வந்த ஒவ்வொரு முறையும் நேரம், காரணமான ஓசை அல்லது பொருள், முந்திய இரவு எத்தனை மணி நேரம் உறக்கம், கடைசியாகச் சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, சிரமம் பத்துக்கு எத்தனை என்று ஐந்தை மட்டும் எழுதுங்கள். கதையாக எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே நோட்டு மூலைக்குப் போய்விடும்.

என் நோட்டைப் புரட்டியபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. காலை 7 மணிக்குச் சட்னி அரைக்கும் மிக்ஸிக்கு நான் இட்ட எண் 3. மாலை அலுவலகத்திலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, இரவுத் தோசைக்குச் சட்னி அரைக்கும் அதே மிக்ஸிக்கு இட்ட எண் 8. மிக்ஸி குற்றவாளி அன்று. ஒன்றரை மணி நேரம் ஏர் ஹாரன் கேட்டுவிட்டுப் பசியோடு வந்து நிற்பதுதான் காரணம். அன்றிலிருந்து இரவுக்கான சட்னியையும் காலையிலேயே அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் கையளவு பொரிகடலையாவது வாயில் போட்டுக்கொண்டு, இருபது நிமிடம் விளக்கணைத்த அறையில் இருந்துவிட்டுத்தான் அடுக்களைக்குள் நுழைகிறேன். இதற்கு ஒரு காசு செலவில்லை. இவ்வளவு பலன் தந்த மாற்றம் வேறொன்றும் இல்லை.

மூன்றாம் படி: ஓசையைப் பிறக்கும் இடத்திலேயே குறைத்தல்

ஓசையைத் தடுக்கும் இடங்கள் மூன்று: அது பிறக்கும் இடம், வரும் வழி, சேரும் காது. பலரும் நேராகக் காதை அடைக்கப் போய்விடுகிறார்கள். பிறக்கும் இடத்தில் குறைப்பதே முதலில் செய்ய வேண்டியது, ஏனென்றால் அது உங்கள் கேட்கும் திறனைத் தொடுவதில்லை.

அடுக்களையிலிருந்து தொடங்குவோம். பல மிக்ஸிகள் அருகில் நிற்பவருக்கு 80 டெசிபலுக்கு மேல் ஓசை தருகின்றன. டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதால், 10 குறைத்தாலே பாதியாகிவிடும். மேடைக் கல்லின் மீது நேராக வைக்காமல், கனமான ரப்பர் விரிப்பையோ நாலாக மடித்த பழைய சாக்கையோ அடியில் போடுங்கள். கல் அதிர்வது நிற்கும். மோட்டாருக்குக் காற்றுப் போகும் அடிப்பக்கத் துளைகளை மட்டும் சாக்கு மூடிவிடக் கூடாது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் தேய்ந்த மிக்ஸி கூடுதலாகக் கத்தும். அதை மாற்றச் சில நிமிடங்கள் போதும். தேங்காயையும் பருப்பையும் முன்பே ஊறவைத்தால் ஓட்டும் நேரம் குறையும்.

குக்கருக்கு என் முறை இது: நீராவி நன்றாக வந்தபின் வெயிட்டைப் போட்டு, அது லேசாக அசையத் தொடங்கியதும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். விசிலைக் கேட்டு எண்ணாமல், கடிகாரத்தைப் பார்த்து நிமிடம் எண்ண வேண்டும். மிதமான சீறல் இருக்கும், வீறிடல் இராது. துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்திருந்தால் இந்த முறையில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழைந்துவிடுகிறது. சோற்றுக்கு விசிலே இல்லாத மின்சார ரைஸ் குக்கர் போதும்.

எவர்சில்வர் பாத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது இடையில் துணி போடுவது, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை மாட்டுவது, கிரீச்சிடும் கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும் வேலைகள்.

மெல்லும் ஓசையால் தவிப்பவர்களுக்குச் சாப்பாட்டு வேளைதான் போர்க்களம். எதிரெதிராக உட்காருவதைத் தவிர்த்து, பந்தியில் போலப் பக்கவாட்டில் வரிசையாக உட்காருங்கள். வாய் அசைவதைப் பார்ப்பதே பலருக்கு ஓசையின் கொடுமையைக் கூட்டுகிறது. மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி, வானொலியில் மெல்லிய பாட்டு ஒன்றை ஓடவிட்டால் சிறு ஓசைகள் அதில் கரைந்துவிடும். முழு அமைதியான அறையில்தான் அப்பளம் இடியாகக் கேட்கும்.

தெருவின் ஓசை நம் கையில் முழுதாக இல்லை என்றாலும் சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி வைப்பதற்கு, அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் அளிக்கும் தளர்வைத் தவிர, இடமில்லை. கல்யாண மண்டபத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் நான் முதலில் நேரில் சென்றே பேசுகிறேன். கூம்பு ஒலிபெருக்கியை எங்கள் சன்னலிலிருந்து வேறு திசைக்குத் திருப்பிவிடச் சொன்னால் பெரும்பாலும் மறுப்பதில்லை. நிறுத்தச் சொன்னால்தான் சண்டை வருகிறது.

நான்காம் படி: காதடைப்பானைச் சரியாகப் பயன்படுத்துதல்

பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வது வீண். அது ஓசையை மிகக் கொஞ்சமே தடுக்கும், இழையும் உள்ளே தங்கிவிடும். மருந்துக் கடையிலோ இணையத்திலோ கிடைக்கும் நுரை அடைப்பான் நன்றாக வேலை செய்யும், ஆனால் பொருத்துவதற்குப் பக்குவம் வேண்டும். சுத்தமான விரல்களால் அதை மடிப்பு விழாமல் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மற்றொரு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்தால் செவித்துளை நேராகும். அப்போது உள்ளே நுழைத்து, விரல் நுனியால் முப்பது வினாடி பிடித்திருங்கள். நுரை மெல்ல விரிந்து துளையை நிறைக்கும்போது தெருவின் இரைச்சல் தூரமாகப் பின்வாங்கிப் போவது தெரியும். பேசிப் பாருங்கள், உங்கள் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல ஆழமாகக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

இரைச்சலை மின்னணு முறையில் தணிக்கும் ஹெட்போன்கள் ஏசி, பேருந்து எஞ்சின் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஓசைக்குச் சிறந்தவை. விசில், குரைப்பு, பாத்திரம் விழுவது போன்ற திடீர் ஓசைகளுக்கு அவை அவ்வளவு உதவுவதில்லை. சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அடைப்பான், ஹெட்போன் இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பிழையை நான் ஏறக்குறைய ஓராண்டு செய்தேன். காதடைப்பானை நாள் முழுவதும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஓசை குறைவாக வரும்போது, தூரத்து வானொலி நிலையம் சரியாக எடுக்காதபோது நாம் வால்யூமைக் கூட்டுவதுபோல மூளை தன் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வாரம் தொடர்ந்து காதை அடைத்திருந்தவர்களுக்கு ஓசை முன்னிலும் பெரிதாகக் கேட்டது. அதே காலம் மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தாங்கும் திறன் கூடியிருந்தது. ஆகவே அடைப்பான் குறிப்பிட்ட வேளைக்கு மட்டும்: பட்டாசு, திருமண மண்டபம், பேருந்துப் பயணம். வீட்டின் அமைதியில் அதற்கு வேலை இல்லை. பிணப் பறை, வெடி, துளையிடும் எந்திரம் போன்ற பேரோசைக்குக் காதை மூடுவது கூச்சமில்லாதவர்களுக்கும் அவசியம், அதற்காக வெட்கப்படாதீர்கள்.

ஐந்தாம் படி: துணியைத் தோலுக்கு ஏற்றபடி மாற்றுதல்

லேபிளைக் கத்தரியால் வெட்டுவதுதான் எல்லோரும் செய்வது. வெட்டிய பின் நிற்கும் அடிக்கட்டை முன்னிலும் கூர்மையாகக் குத்தும். தையல் நூலை ஒவ்வொன்றாகப் பிளேடு முனையால் அறுத்து, லேபிளை முழுதாக உருவி எடுக்க வேண்டும். நைலான் நூல் தைத்திருந்தால் அதன் அறுந்த நுனி ஒன்றுகூட நிற்கக் கூடாது. தையற்காரரிடம் கொடுக்கும்போது ஓவர்லாக் ஓரம் உடம்பில் படாதபடி மடித்துத் தைக்கவோ, உள்ளே மெல்லிய பருத்தி லைனிங் கொடுக்கவோ சொல்லுங்கள். சரிகை வைத்த பட்டுப் பாவாடையால் அழும் பெண்குழந்தைக்கு அந்த லைனிங்கும், உள்ளே ஒரு பருத்திப் பனியனும் போதும். அவள் அடம் பிடிக்கவில்லை, சரிகை உண்மையாகவே அறுக்கிறது.

புதுத்துணியை இரண்டு முறையாவது துவைத்தபின் உடுத்துங்கள். கஞ்சி போட்ட மொடமொடப்பு ஆகாதவர்கள் வீட்டில் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். துண்டு வெயிலில் காய்ந்து சொரசொரவென்று ஆவதைத் தடுக்க, ஈரத்தோடு பலமாக உதறிவிட்டு நிழலில் காயப்போடுங்கள்; டர்க்கி டவலைவிட மெல்லிய ஈரிழைத் துண்டு பலருக்கு ஒத்துவருகிறது, தேய்க்காமல் ஒற்றி எடுத்தால் இன்னும் நல்லது. காலுறையின் விரல்தையல் உறுத்தும் பிள்ளைக்கு அதை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிடலாம். எடைப்போர்வை என்று விற்பது நம் ஊர் வெக்கைக்கு ஒவ்வாது. பருத்தி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தொடைமேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலே அழுத்தத்தின் இதம் கிடைக்கிறது. சிறு குழந்தைகள் மீது கனமானது எதையும் போட்டுத் தூங்கவைக்கக் கூடாது.

உணவும் இதோடு சேர்ந்ததே. வெண்டைக்காயின் வழவழப்பு ஆகாதென்றால், முழுதாகக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தபின் நறுக்கி, மூடாமல் வதக்கி, கொஞ்சம் புளித்தண்ணீரோ மோரோ சேர்த்து, உப்பைக் கடைசியில் போடுங்கள். சோற்றோடு குழம்பு பிசைந்த பதம் கூசுகிறவருக்கு இரண்டையும் தனித்தனியாக வைத்து, கரண்டியும் கொடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டி அடியில் ஊறிக் கிடக்கும் பருக்கையைத் தொட முடியாதவருக்கு ரப்பர் கையுறை நூறு ரூபாய்க்குள் விடுதலை. ஆனால் பிள்ளையின் உணவு நான்கைந்து பண்டங்களாகச் சுருங்கி, எடை குறைந்தாலோ வளர்ச்சி நின்றாலோ வீட்டு உபாயங்களோடு நிற்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஆறாம் படி: உடன் வாழ்பவர்களிடம் சொல்லுதல்

கூச்சம் உச்சத்தில் இருக்கும்போது சொல்லவே கூடாது. அப்போது வருவது சொல் அன்று, சீறல். எல்லோரும் அமைதியாக இருக்கும் ஒரு பொழுதில், குற்றம் சாட்டாமல், செய்யக்கூடிய ஒன்றை மட்டும் கேளுங்கள். நான் என் மாமியாரிடம் சொன்னது இவ்வளவுதான்: “அத்தை, நீங்க அரைக்கிறதுல தப்பே இல்ல. என் காதுக்குத்தான் திடீர்னு கேட்டா தாங்கல. போடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுங்க, போதும்.” முதல் வாரம் மறந்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து “போடப் போறேம்மா” என்று அடுக்களையிலிருந்து குரல் வரத் தொடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் கிடைக்கிறது. எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

அலுவலகத்தில் இடம் மாற்றிக் கேட்கும்போதும் நோயின் பெயரைவிட வேலையின் பயனைச் சொல்வது எளிது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, புலன் மிகையுணர்வு தனியாக இல்லை. எனவே ஆட்டிசச் சான்றிதழ் உள்ளவர்கள் உரிமையாகக் கேட்கலாம். மற்றவர்கள் பேசித்தான் பெற வேண்டும்.

ஏழாம் படி: தாங்க முடியாமல் போகும்போது

முதலில் இடத்தை விட்டு விலகுங்கள். விளக்கம் பிறகு. வெளிச்சம் குறைந்த ஓர் இடத்தில் சுவரில் முதுகை அழுத்திச் சாய்ந்து, இரு கைகளையும் குறுக்காகக் கட்டிப் புயங்களைப் பலமாகப் பிடித்து, மூச்சை இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். பிள்ளையாக இருந்தால் அந்த நேரத்தில் கேள்வி கேட்காதீர்கள், தொடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், திட்டாதீர்கள். கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் எங்கே விலகி நிற்கலாம் என்று நுழையும்போதே பார்த்துவைத்துக்கொள்வது என் வழக்கம்.

எட்டாம் படி: யாரிடம் உதவி கேட்பது

சத்தம் வலிக்கும் வகைக்குச் செவித்திறன் வல்லுநர், மெல்லிய ஓசையைப் படிப்படியாகக் கூட்டிக் கேட்கவைக்கும் பயிற்சி தருவார். மிசோபோனியாவுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு அதற்கு நல்ல சான்று. கோபமூட்டும் ஓசையைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து பழக்குகிறேன் என்று வீட்டாரே இறங்குவது பெரும்பாலும் வெறுப்பைத்தான் வளர்க்கும். பிள்ளைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வேண்டும்; புலன் ஒருங்கிணைப்பு என்ற அணுகுமுறையை வகுத்த ஜீன் அயர்ஸும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவரே. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும், அரசு மருத்துவமனைகளோடு இயங்கும் டிஇஐசி எனப்படும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களிலும் இந்தச் சேவை கிடைக்கிறது.

ஒரு முழு நாளுக்கான எடுத்துக்காட்டு: தீபாவளி

எண்ணெய், சீயக்காயின் சொரசொரப்பு, புதுத்துணி, வெடி, உறவினர் கூட்டம் என்று காதையும் தோலையும் ஒரே காலையில் சோதிக்கும் நாள் இது. புதுத்துணியை ஒரு வாரம் முன்பே துவைத்து, லேபிளை உருவி, அரை நாள் உடுத்திப் பார்த்துவிடுகிறோம். சீயக்காயைத் துணியில் சலித்துக் குழைவாகக் கரைக்கிறேன். எண்ணெயை விரல் நுனியால் தடவாமல் உள்ளங்கையால் அழுத்தித் தேய்க்கிறேன். தமிழ்நாட்டில் 2018 முதல் பட்டாசு வெடிக்க அரசு வகுத்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும் ஆகும். நடைமுறையில் அதற்கு முன்னும் பின்னும் வெடிக்கத்தான் செய்கிறது என்றாலும், அடர்த்தியான வெடி எப்போது என்று ஓரளவு கணிக்க முடிகிறது. அந்த வேளைகளில் தெருவை ஒட்டாத உள்ளறையில், சன்னலைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அடைப்பானோடு இருக்கிறோம். என் தங்கை மகனுக்கும் இதே கூச்சம் உண்டு. சென்ற ஆண்டு அவன் உள்ளறைக் கதவைப் பாதி திறந்து, காதில் அடைப்பானோடு எட்டிப் பார்த்து, “பெரியம்மா, கம்பி மத்தாப்பு மட்டும் நானே கொளுத்தறேன்” என்றான். நெருப்பு பற்றும்வரை தீக்குச்சியை அவனேதான் பிடித்திருந்தான். இரண்டு மத்தாப்பு முடிந்ததும் தானாகவே உள்ளே போய்விட்டான்.